பழைய சைக்கிள் சக்கரத்தில் டிஸ்க் கோல்ஃப் கூடை: மதுரைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

மதுரையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நுழைந்து டிஸ்க் கோல்ஃப் கூடை இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் கூடைப்பந்து வளையத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று பார்த்தால், முழுக்க இரும்பு என்பதால் பொருளைவிட அதைக் கொண்டுவரும் கூலி கனக்கும். ஆனால் அந்தக் கூடையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு குழாய், இரண்டு மூன்று வளையம், கொஞ்சம் கம்பிவலை, நிறையச் சங்கிலி. அத்தனையும் நம் ஊர்ப் பழைய இரும்புக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற சரக்கு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுவது போல இதில் டிஸ்க்கை, அதாவது சுழற்றி எறிகிற வட்டமான பிளாஸ்டிக் தட்டை, எறிந்து கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த எறிதலில் முடித்தவர் ஜெயித்தவர். இதை ஒழுங்கான ஆட்டமாக்கியவர் எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அவர் அமைத்த முதல் களத்தில் கூடையே கிடையாது. நட்டுவைத்த கம்பத்தில் டிஸ்க் பட வேண்டும், அவ்வளவுதான். பட்டதா படவில்லையா என்று தீராத சண்டை. அதற்கு முடிவு கட்டத்தான் கம்பத்தைச் சுற்றிச் சங்கிலி தொங்கவிட்டு, கீழே ஒரு கூடையை மாட்டினார். 1977-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தக் காப்புரிமைக் காலம் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. நாம் வீட்டில் செய்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தொடங்குவதற்கு முன் ஒன்று மனதில் இருக்கட்டும். கூடையில் மிச்சம் பிடிக்கலாம், குழாயில் மிச்சம் பிடிக்கலாம், பெயின்ட்டே அடிக்காமல்கூட விடலாம். சங்கிலியில் மட்டும் கை சுருக்கக் கூடாது. டிஸ்க்கைப் பிடிப்பது சங்கிலி. மற்றதெல்லாம் சங்கிலியைத் தூக்கிப் பிடிக்கிற சட்டம்.

அளவு

தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் அளவுகளையே பின்பற்றினால் இங்கே பழகிய கை எந்தக் களத்துக்குப் போனாலும் தடுமாறாது. மில்லிமீட்டர் சுத்தமாக வரத் தேவையில்லை. தரையிலிருந்து கூடையின் மேல் விளிம்பு 82 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அந்த விளிம்புக்கும் மேலே சங்கிலி தொங்கும் வளையத்துக்கும் நடுவே 52 செ.மீ. அளவுக்கு இடைவெளி. கூடையின் வாய் 65 செ.மீ. அகலம். கூடையின் ஆழம் 18 முதல் 20 செ.மீ. இந்த நான்கு எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் போதும்.

65 செ.மீ. என்றதும் வளையத்துக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். பால்காரர்கள் கேன் கட்டி ஓட்டிய பழைய 28 இஞ்சு சைக்கிள் இருக்கிறதே, அதன் ரிம்மின் வெளி விட்டம் கிட்டத்தட்ட அதேதான். யாரோ நமக்காகவே அளவெடுத்துச் செய்தது போல் பொருந்துகிறது.

பழைய இரும்புக் கடையில்

வாங்க வேண்டியவை: 28 இஞ்சு ரிம் இரண்டு, கம்பியெல்லாம் கழற்றியது, 26 இஞ்சு பின்சக்கரம் ஒன்று, ஸ்போக் கம்பியும் ஹப்பும் அச்சும் அப்படியே இருப்பது. முதல் இரண்டும் கூடைக்கு, மூன்றாவது சங்கிலி தொங்கவிட. மேலே சக்கரம் கொஞ்சம் சிறியதாக இருந்தால்தான் சங்கிலியில் பட்டு நழுவும் டிஸ்க் வெளியே போகாமல் கூடைக்குள் விழும்.

“அண்ணே, இருபத்தெட்டு ரிம் ரெண்டு வேணும்.”

“வண்டி எங்க தம்பி? கொண்டாந்தா மாட்டிப் பாத்து எடுத்துக்கலாம்.”

“வண்டி இல்லண்ணே. ரிம் மட்டும் போதும். கோட்டம் இருந்தாலும் பரவாயில்ல.”

கடைசி வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள். ஓட்டுவதற்கு லாயக்கில்லாத ரிம்முக்கு இரும்பு எடை விலைதான். லேசான கோட்டம் நமக்கு ஒன்றும் செய்யாது. எட்டு போல முறுக்கிக்கொண்டது மட்டும் வேண்டாம். ஒரு சின்னக் காந்தம் கையில் இருக்கட்டும். காந்தம் ஒட்டாத ரிம் அலுமினியம். அதைச் சாதாரண வெல்டிங் ராடு பிடிக்காது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்காத தெரு மதுரைப் பக்கம் குறைவு. கடைக்குப் போகும் முன் சித்தப்பா வீடு, மாமா வீடு என்று ஒரு சுற்றுக் கேட்டுப் பாருங்கள்.

குழாய்க்கு 1¼ இஞ்சு ஜி.ஐ. பைப், 6 அடி. இதன் வெளி விட்டம் சுமார் 42 மி.மீ. 1 இஞ்சு பைப் வளைந்துவிடாது என்றாலும் டிஸ்க் படும்போதெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும். புதுக் குழாய் 20 அடி நீளத்தில் வரும். ஹார்டுவேர் கடையில் வெட்டி ஒரு முனையில் மரை போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்த மரைக்கு ஒரு எண்ட் கேப்பும் வாங்குங்கள். பழைய குழாய் கிடைத்து அதில் மரை இல்லாவிட்டால், மேல் வாயில் 5 மி.மீ. தகட்டு வட்டம் ஒன்றை வெல்டு வைத்துக்கொள்ளலாம்.

இவை போக 1 இஞ்சு கட்டம் போட்ட வெல்டு மெஷ் கம்பிவலை, 25 மி.மீ. அகல இரும்புப் பட்டை 3 மீட்டர் அளவுக்கு, 8 மி.மீ. கம்பி ஒரு மீட்டர், 10 மி.மீ. போல்ட் ஒன்று, கட்டுக்கம்பி அரைக் கிலோ. வலையில் 2 இஞ்சு கட்டம் கொஞ்சம் மலிவு. ஆனால் எறிகிற டிஸ்க் வெளிப்பக்கமிருந்து அந்தக் கட்டத்தில் சொருகி நின்றுவிடும்.  பக்கவாட்டில் சொருகியதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? ஆட்டத்துக்கு நாலு பேர் வந்தால் இதை வைத்தே அரை மணி நேரம் வாக்குவாதம் ஓடும். 1 இஞ்சு வலை வாங்கினால் அந்தப் பேச்சே எழாது.

மேல் சக்கரத்தை மாட்டுவது

வெல்டிங் இல்லாமலே முடிகிற வேலை இது. எண்ட் கேப்பின் நடுவில் 10 மி.மீ. துளை போடுங்கள், லேத் பட்டறையில் கொடுத்தால் இரண்டு நிமிடம். பின்சக்கரத்தின் அச்சு 9.5 மி.மீ. கனம் என்பதால் அந்தத் துளையில் சரியாக இறங்கும். அச்சின் ஒரு முனையை மேலிருந்து கேப்புக்குள் விட்டு, உள்பக்கம் வாஷர் போட்டு நட்டை இறுக்குங்கள். பிறகு கேப்பைக் குழாயில் திருகினால் சக்கரம் குடை மாதிரி படுக்கையாக நிற்கும்.

ஒரு சங்கடம் உண்டு. சக்கரம் என்றால் சுற்றத்தானே செய்யும்? டிஸ்க் பட்டதும் சங்கிலியோடு சக்கரமும் சுற்றினால், பிடிபட்ட டிஸ்க் பக்கவாட்டில் வழுக்கி வெளியே போய்விடும். ஆகவே மாட்டுவதற்கு முன்பே அச்சில் திருகியிருக்கும் கூம்பு வடிவ நட்டை (கோன்) கழற்றி, உள்ளே இருக்கும் குண்டுகளைக் கொட்டிவிட்டு, அந்தக் கோனை ஹப்பில் குண்டுகள் உட்கார்ந்திருந்த கப்போடு ஒட்ட இறுக்கிவிடுங்கள். ஸ்பேனரில் முழு பலமும் கொடுக்கலாம். இனி அது சுற்றாது. செயின் மாட்டும் பற்சக்கரம் (ஃப்ரீவீல்) ஒட்டிக்கொண்டிருந்தால் சைக்கிள் கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். வீட்டில் சுத்தியலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஹப்பின் பாதி உயரம் காரணமாக ரிம், குழாயின் உச்சியைவிட 5, 6 செ.மீ. மேலே நிற்கும். இதைக் கணக்கில் வைத்துத்தான் குழாய் தரைக்கு மேலே 130 செ.மீ. இருந்தால் போதும் என்று சொல்கிறேன். ரிம் 135-ஐ ஒட்டி வரும். கூடை விளிம்பு 82-இல் நின்றால் நடுவே நமக்கு வேண்டிய 52 கிடைத்துவிடும்.

சங்கிலி

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள்.

பறந்து வரும் டிஸ்க்கிடம் இரண்டு வேகம் இருக்கிறது, முன்னே போகிற வேகமும் தன்னைத்தானே சுற்றுகிற வேகமும். சுவரில் எறிந்தால் இரண்டும் சேர்ந்து அதைத் திருப்பி அடிக்கும். தளர்வாகத் தொங்கும் சங்கிலியில் எறிந்தால், நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஆளுக்குக் கொஞ்சமாக அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு ஆடுகின்றன, ஒன்றோடொன்று உரசுகின்றன. அந்த உரசலில் சுழற்சியும் அடங்கி, டிஸ்க் சோர்ந்து கீழே விழுகிறது. ஆகவே சங்கிலிக்கு எடை வேண்டும், தளர்வு வேண்டும், எல்லாப் பக்கமும் வளைகிற தன்மை வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கூடை டிஸ்க்கைத் துப்பிவிடும்.

பிளாஸ்டிக் சங்கிலி எடையில் தோற்றுவிடுகிறது. டிஸ்க் அதைத் திரைச்சீலை போல விலக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். நைலான் கயிறும் அப்படியே. ஊஞ்சல் சங்கிலி எடையில் மிஞ்சிவிடுகிறது. பட்ட டிஸ்க் எகிறி வரும், விளிம்பும் சிதையும். சைக்கிள் செயின் சும்மாவே கிடைக்கும் என்பதால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். அது ஒரே வாட்டத்தில்தான் மடங்கும், பக்கவாட்டில் விறைத்து நிற்கும். போதாததற்குப் பல வருட கிரீஸ். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தாலும் டிஸ்க்கிலும் விரலிலும் கறுப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

சரியானது 3 மி.மீ. கனமுள்ள கால்வனைஸ் செய்த இரும்புச் சங்கிலி. ஹார்டுவேர் கடையில் எடை போட்டுத் தருவார்கள். மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் வரும். 4 மி.மீ. எடுத்தால் எடை ஏறக்குறைய இரட்டிப்பு, விலையும் அப்படியே; சரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் அதை எடுங்கள். நம் கூடைக்கு 3 மி.மீ. சங்கிலி 18 மீட்டர் வேண்டும், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மீட்டரை நிறுத்துக் காட்டச் சொல்லிவிட்டு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முழுச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போகும்.

இப்போது தொங்கவிடுவது. சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளை உற்றுப் பாருங்கள். ஹப்பில் இரண்டு விளிம்பு. பாதிக் கம்பிகள் மேல் விளிம்பிலிருந்தும் பாதி கீழ் விளிம்பிலிருந்தும் புறப்படுகின்றன. மேல் விளிம்பிலிருந்து வரும் கம்பி ரிம்மை நோக்கிச் சரிந்து இறங்கும். அதில் ஒரு கொக்கியை மாட்டினால் தானாகவே ரிம் ஓரத்துக்கு வழுக்கி அங்கேயே நிற்கும். கீழ் விளிம்புக் கம்பியில் மாட்டினால் கொக்கி ஹப்பை நோக்கி ஓடிவிடும். ஆகவே வெளி வட்டச் சரங்களை மேல் கம்பிகளில் மட்டும் மாட்டுங்கள். சக்கரத்தில் 36 கம்பி இருந்தால் 18 சரம், 40 இருந்தால் 20, 32 இருந்தால் 16. துளை போடவே வேண்டாம். இடைவெளியும் தானாகச் சமமாக வந்துவிடும்.

உள் வட்டத்துக்குக் கீழ்க் கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டு ஒன்று என்ற கணக்கில் எட்டு அல்லது ஒன்பது சரம், ஹப்புக்கும் ரிம்முக்கும் பாதித் தொலைவில். கொக்கி ஓடாமல் இருக்க அதன் உள்பக்கம் கட்டுக்கம்பியை நாலு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். உள் சரமெல்லாம் வீண் செலவு என்று தோன்றும். வெளி வட்டத்தில் இரண்டு சரத்துக்கு நடுவே ரிம் ஓரத்தில் ஏறக்குறைய 10 செ.மீ. இடைவெளி இருக்கிறது. வேகமாக வரும் டிஸ்க் அதைப் பிளந்துகொண்டு உள்ளே வரும்போது எதிரே நின்று நிறுத்துவது இந்த உள் சரங்கள்தான்.

வெளிச் சரம் ஒவ்வொன்றும் 67 செ.மீ., உள் சரம் 64 செ.மீ. முதலில் ஒரே ஒரு வெளிச் சரத்தையும் ஒரே ஒரு உள் சரத்தையும் வெட்டி, மாட்டிப் பார்த்து, கீழ் நுனி கூடை விளிம்பைவிட 6 முதல் 8 செ.மீ. தாழ்வாகக் கம்பத்தை ஒட்டி வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். செ.மீ. கணக்கில் வெட்டுவதைவிடக் கண்ணிகளை எண்ணி வெட்டுவது நல்லது. டேப் பிடித்து வெட்டினால் ஒரு கண்ணி கூடும், ஒன்று குறையும். எண்ணி வெட்டினால் எல்லாச் சரமும் ஒரே நீளம். கட்டிங் பிளேயர் 3 மி.மீ. கண்ணியைத் திணறித்தான் வெட்டும். ஆக்ஸா பிளேடு போதும், அல்லது கடையிலேயே போல்ட் கட்டரால் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

கொக்கிகளை 3 மி.மீ. கம்பியில் நீங்களே வளைத்துக்கொள்ளலாம். மாட்டிய பிறகு இரண்டு வாயையும் பிளேயரால் நன்றாக மூடிவிடுங்கள். திறந்த கொக்கி பத்து எறிதலில் கழன்று விழும்; அதன் நுனி டிஸ்க்கைக் கிழிக்கும்.

எல்லாச் சரங்களின் கீழ் நுனியும் கம்பத்தைச் சுற்றி ஒரு வளையத்தில் சேர வேண்டும். உள் விட்டம் 8 செ.மீ., 4 மி.மீ. கம்பியில் செய்த லேசான வளையம் போதும். இந்த வளையத்தைக் கம்பத்தோடு கட்டிவிடாதீர்கள். ஏறி இறங்க அதற்குச் சுதந்திரம் இருக்க வேண்டும். கனமான வளையம் போட்டாலும் அதே தொல்லைதான். அது எல்லாச் சரத்தையும் கீழே இழுத்து வீணைத் தந்தி போல விறைப்பாக்கிவிடும். கையால் ஒரு சரத்தைத் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் நாலு விரல் அகலம் உள்ளே போக வேண்டும்.

கூடை

இந்தப் பகுதிக்கு மட்டும் வெல்டிங் பட்டறைக்குப் போவது புத்திசாலித்தனம். இரண்டு 28 இஞ்சு ரிம்மையும் ஒன்றின் மேல் ஒன்றாக 18 செ.மீ. இடைவெளியில் வைத்து, நடுவே 8 மி.மீ. கம்பியில் நாலு கால் கொடுத்து வெல்டு வைக்கச் சொல்லுங்கள். அடி ரிம்மின் குறுக்கே பட்டை இரண்டு, நெடுக்கே இரண்டு, நடுவில் குழாய் நுழைய 45 மி.மீ. சதுரம் விட்டு. ரிம்மின் பளபளப்பு முலாமை வெல்டு வைக்கும் இடத்தில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். முலாம் பூசிய இரும்பில் வெல்டு வைக்கும்போது வரும் புகை நல்லதல்ல. திறந்தவெளியில், புகை முகத்தில் அடிக்காத பக்கம் நின்று வேலை நடக்கட்டும். பட்டறையில் நிற்கிற அத்தனை பேரும் “கோழிக்கூண்டாண்ணே?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

வலையை வீட்டில் கட்டிக்கொள்ளலாம். சுற்றுக்கு 20 செ.மீ. அகலத்தில் 2 மீட்டர் 10 செ.மீ. நீளத் துண்டு, அடிக்கு 65 செ.மீ. வட்டம், நடுவில் குழாய்க்கு ஓட்டை. ஸ்போக் கம்பி கழற்றிய ரிம்மில் துளைகள் சும்மாதான் இருக்கின்றன. அவற்றின் வழியே கட்டுக்கம்பியை விட்டு வலையைத் தைத்துவிடலாம். முடிச்சு முனைகளைக் கீழ்ப்பக்கமாக மடக்குங்கள். டிஸ்க்கை எடுக்கக் கைவிடும்போது விரலைக் கிழிப்பது அந்த முனைகள்தான்.

கூடையைக் குழாயில் எப்படி நிறுத்துவது? தரை மட்டத்திலிருந்து 62 செ.மீ. உயரத்தில் குழாயின் குறுக்கே 10 மி.மீ. துளை போட்டு, 10 செ.மீ. நீளப் போல்ட்டைச் செருகி நட்டைப் போடுங்கள். பட்டைகள் அந்தப் போல்ட்டின் மேல் உட்காரும். மேலே 1¼ இஞ்சு யூ கிளாம்ப் ஒன்றால் பட்டையோடு குழாயைப் பிடித்துவிட்டால் ஆடாது, சுற்றாது. எதை முதலில் கோப்பது என்பதில் கவனம் இருக்கட்டும். முதலில் கூடை, பிறகு சங்கிலி சேரும் கீழ் வளையம், கடைசியில் மேல் சக்கரம். மாற்றிப் போட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

வெல்டிங்கே வேண்டாம் என்பவர்களுக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் ஆக்ஸா பிளேடால் அறுத்து, அடியின் நடுவில் ஓட்டை போட்டால் கூடை தயார். வாய் 58 செ.மீ. அளவுக்குத்தான் இருக்கும், குறி சுத்தமாகப் பழகுவதற்கு அது நல்லதே. போல்ட்டுக்கும் டிரம் அடிக்கும் நடுவே ஒரு சதுரப் பலகையைத் துளையிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கிழியும். அடியில் பத்துப் பதினைந்து ஓட்டை போட்டே ஆக வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு குடியேறும். பூச்சி மருந்து வந்த டிரம்மைத் தொடாதீர்கள். பெயின்ட், தின்னர் வந்த தகர டிரம்மில் தீப்பொறி பறக்கும் எந்தக் கருவியையும் வைக்காதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும்.

நடுவது

கூடையை ஒரே இடத்தில் நிரந்தரமாக நடலாம் என்றால் 30 செ.மீ. அகலம், 55 செ.மீ. ஆழத்தில் குழி. அதில் குழாயை நேரடியாக நடாமல், 50 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை உறை போல நிறுத்தி, சுற்றிலும் ஒன்றுக்கு இரண்டு நாலு என்ற கணக்கில் சிமெண்ட், மணல், ஜல்லி கலந்து போடுங்கள். பிவிசியின் அடி வாயில் ஜல்லி நாலு கை போட்டால் தண்ணீர் வடியும். தூக்குக்குண்டு பிடித்து நேராக்குங்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டுப் பிறகு குழாயை இறக்குங்கள்.

உறை எதற்கு என்றால், ஆட்டம் முடிந்ததும் கூடையைத் தூக்கி வீட்டுக்குள் வைக்கத்தான். சங்கிலி எடைக்கு விலைபோகிற சரக்கு. ராத்திரி வெளியே விட்டால் காலையில் அது புறப்பட்ட கடைக்கே திரும்பிப் போயிருக்கும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் செம்மண்ணில் மேலே சொன்ன குழி போதும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. மழையில் பொதுமும், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நட்ட கம்பம் ஒரே வருடத்தில் சாய்ந்துவிடும். அங்கே குழியை 75 செ.மீ. ஆக்கி, கரிசலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, கான்கிரீட்டைச் சுற்றிலும் கிராவல் மண்ணை அடித்து இறுக்குங்கள். குழாயும் 7 அடியாக வாங்கி, தரைக்கு மேலே 130 செ.மீ. நிற்கும்படி அடியை வெட்டிக்கொள்ளுங்கள்.

சொந்த இடம் இல்லாதவர்கள் பழைய கார் டயர் ஒன்றில் அடியைச் சாக்கால் மூடி, நடுவில் அதே பிவிசி துண்டை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றிக்கொள்ளலாம். 20 லிட்டர் பெயின்ட் வாளியிலும் செய்கிறார்கள். வாளியின் அடி குறுகல் என்பதால், மேலே இத்தனை இரும்பு தொங்கும்போது ஆடிக் காற்றுக்குச் சாய்ந்துவிடும். டயர் அகலமாக உட்கார்ந்திருக்கும், உருட்டியும் கொண்டுபோகலாம். இந்த முறையில் குழாயின் நீளத்தை டயர் மட்டத்திலிருந்து அல்ல, தரையிலிருந்து அளந்து 130-க்கு வெட்டுங்கள்.

எங்கே வைப்பது என்பதற்கு யோசனை: தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அருமை. மரம் இருந்தால்தான் வளைத்து எறியவே பழகுவோம். பொழுது சாய்ந்து காய்ந்த கண்மாய்க்குள் டயர்க் கூடையைக் கொண்டுபோய் வைக்கலாம். அங்கே குழி தோண்டிக் கான்கிரீட் போடக் கூடாது, அது பொது நீர்நிலை. சீமைக்கருவேல் புதர்ப் பக்கம் போகாதீர்கள். உள்ளே போன டிஸ்க்கை எடுத்துவரும்போது கையில் ரத்தம் இல்லாமல் வர முடியாது. யானைமலை, சமணர்மலை அடிவாரமெல்லாம் பார்க்க ஆசையாக இருக்கும். பாறையில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள் இருக்கிற பாதுகாக்கப்பட்ட இடங்கள் அவை, அங்கே வேண்டாம்.

எறிந்து பார்த்துச் சரிசெய்வது

கிட்டத்தில் எறிவதற்கான புட்டர் வகை டிஸ்க் இருந்தால் நல்லது. கோல்ஃப் டிஸ்க்கெல்லாம் பெரும்பாலும் 21 செ.மீ. விட்டத்தில் வருபவை; கையடக்கமாக, விளிம்பு கனத்து இருக்கும். அது கிடைக்காதவரை அல்டிமேட் என்ற டிஸ்க் எறியும் குழு ஆட்டம் ஆடுபவர்கள் வைத்திருக்கும் 175 கிராம் டிஸ்க்கே போதும். அது 27 செ.மீ. அகலம் என்பதால் கொஞ்சம் அதிகமாகத் தட்டித் துள்ளும், அதற்குக் கூடையைக் குறை சொல்லாதீர்கள்.

5 மீட்டரில் நின்று, நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே குறிவைத்து எறியுங்கள். டிஸ்க் சங்கிலியைப் பிளந்து மறுபக்கம் போனால் உள் சரம் போதவில்லை, இன்னும் மூன்று நாலு சேருங்கள். பட்டதும் உங்களை நோக்கியே திரும்பி வந்தால் சரங்கள் விறைப்பாக இருக்கின்றன. கீழ் வளையத்தைக் கழற்றி ஒவ்வொரு சரத்திலும் ஒரு கண்ணி கூட்டுங்கள், அல்லது வளையத்தை லேசானதாக மாற்றுங்கள். நடுக் கம்பத்தில் ‘டங்’ என்று பட்டு வெளியே விழுவது கடையில் வாங்கிய கூடையிலும் நடக்கிறதுதான். பழைய சைக்கிள் டியூபைக் கம்பத்தில் சுற்றினால் சத்தம் குறையும், எகிறுவதும் குறையும். கூடைக்குள் விழுந்தது திரும்பக் குதித்து வெளியேறினால் அடி வலை தொட்டில் போலத் தொய்யாமல் முரசாக இறுகியிருக்கிறது. நடுவில் கட்டை அவிழ்த்துக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

கூடையைச் சுற்றி 10 மீட்டரில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள் நின்று எறிபவர், எறிந்த கையோடு முன்னே பாய்ந்துவிடக் கூடாது. நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். மேல் சக்கரத்தின் மீது போய் உட்கார்ந்த டிஸ்க் கணக்கில் சேராது, சங்கிலியில் சிக்கித் தொங்குவது சேரும்.

பராமரிப்பு அதிகமில்லை. வெல்டு வைத்த இடங்களில் முதல் வாரமே ரெட் ஆக்சைடும் அதன்மேல் எனாமலும் அடித்துவிடுங்கள். மேல் ரிம்முக்கு மஞ்சள் அடித்தால் தூரத்திலிருந்து தெரியும். சங்கிலிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், உரிந்து டிஸ்க்கில் ஒட்டும். ஐப்பசி மழைக்கு முன் கொக்கிகளையும் கட்டுக்கம்பியையும் ஒருமுறை பார்த்து, துரு ஏறியதை மாற்றினால் போதும். பிள்ளைகள் சங்கிலியைப் பிடித்து ஊஞ்சலாடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் அச்சு வளைவது அப்படித்தான்.

20 அடிக் குழாயாக வாங்கினால் 6 அடியில் மூன்று கம்பம் வரும், 2 அடி மிஞ்சும். மூன்று கூடையைத் தோப்பில் முக்கோணமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எறியத் தொடங்கும் இடம் மூன்று குறித்துக்கொண்டால் கோல்ஃப் கணக்கில் ஒன்பது குழிக் களம் ஆகிவிடும்.